இருபத்தெட்டுக் கம்பிச் சக்கரம்

புரட்டாசி 7, செவ்வாய்

காலையில தூறல். பத்து மணிக்கு மேல வெயில்.

இன்னைக்கு வீட்ல இருந்தவங்க: நான். நித்யா. அவளைக் கொண்டாந்து விட்ட ஆட்டோக்காரர் (ஒரு சொம்பு தண்ணி குடிச்சார், உட்காரலை). கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பொண்ணு. எதிர்வீட்டு பச்சையம்மா, வாசப்படி வரைக்கும். உள்ள கூப்பிடலை.

நேத்து வரைக்கும் பதினோரு நாள் 'நான்' மட்டும்தான் எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரர் செத்தப்போ எட்டிக்கூடப் பார்க்காத ஆளுங்க, நாங்க வந்தோம், பாடை தூக்கினோம்னு பிற்பாடு சொல்லிக்கினு திரிஞ்சாங்க. அன்னிலேர்ந்து யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதிடறது. ஞாபகம் எனக்கு இருக்கு. இருந்தாலும் எழுதறது. அஞ்சாவதோட நின்ன படிப்பு, எழுத்து கோணல்தான்.

நித்யா, என் மகன் ஏழுமலையோட மக. இருபத்திமூணு முடிஞ்சுது. பொங்கலுக்கு வந்தவ, இப்பதான் வர்றா. செருப்பு கழட்டறதுக்கு முன்னாடி கேட்டது: "ஆயா, பெட்டி எங்க?"

ரெண்டு வாரம் முன்னாடி கூரியர்ல மூணு பெட்டி வந்துது. கையெழுத்து போட்டு வாங்கி கட்டிலுக்கு அடியில வெச்சேன். பெட்டியை இழுத்துப் பார்த்துட்டு அப்புறம்தான், "எப்பிடி கீற ஆயா?" முதல்ல பெட்டி. அப்புறம் நான். எழுதி வெச்சுக்கறேன்.

விஷயம் இதுதான். வர்ற ஞாயித்துக்கிழமை ஜவ்வாது மலைப்பக்கம் போட்டி. மலையில ஏறி இறங்கற சைக்கிள். இவ சைக்கிள்ல சக்கரம் கனமாம். லேசான சக்கரம் இவளே கட்டப் போறா. தாம்பரத்துல வெச்சுக் கட்டினா அப்பன் பார்த்துடுவான்னு என் விலாசம் கொடுத்திருக்கா.

"அப்பாகிட்ட சொல்லாத ஆயா. இந்த வாட்டி முதல் மூணு பேர்ல வரலைன்னா சைக்கிளை வுட்டுட்டு வேலைக்குப் போறேன்னு ஒத்துக்கினேன்."

"வந்துட்டா?"

"ஒரு வருஷம் வாயத் தொறக்க மாட்டாரு."

ஏழுமலை வாயை ஒரு வருஷம் மூடறதுன்னா நானும் கூட ரெண்டு கம்பி முடுக்குவேன். கிணத்து நிலத்தை என்னைக் கேக்காம வித்தவன்.

சாயங்காலம் மூணு டம்ளர் அரிசி போட்டேன். ஒரு டம்ளர் போட்டே கை பழகிடுச்சு.


8, புதன்

வெயில். புழுக்கம்.

இருந்தவங்க: நான், நித்யா. பால்காரர், வாசல்ல.

விடியறப்போ ஏரிக்கரைக்குப் போனா, பழைய சக்கரத்துல. எட்டரைக்கு வந்தா, இடுப்பு வரைக்கும் சேறு. நாலு முட்டை வேணுமாம். புரட்டாசி மாசம், இந்த வூட்ல முட்டை வேகாதுன்னேன்.

"வூட்டுக்கு வெளிய வேகும்ல?"

கொல்லையில மூணு பச்சைச் செங்கல் வெச்சுக் கொடுத்தேன். ஓரமாக் கிடந்த அலுமினியச் சட்டி. அந்தச் சட்டி இனி உள்ள வராது. பெருமாள் கொல்லைப்பக்கம் பார்க்க மாட்டார்னு நம்பறேன்.

பெட்டியில இருந்தது:

ரிம் ரெண்டு. கறுப்பு. கார்பனாம். முறம் கூட இதவிட கனம்.

ஹப் ரெண்டு. சக்கரத்துக்கு நடுவுல உட்கார்றது.

கம்பி, மெல்லிசு ஒரு கட்டு, தடி ஒரு கட்டு. சக்கரத்துக்கு இருபத்தெட்டு. நம்ம ஊர் சைக்கிள்ல முன்னாடி முப்பத்திரெண்டு, பின்னாடி நாப்பது. எண்ணியிருக்கேன். அவர் நெல்லு மூட்டை வெச்சு மிதிச்ச சைக்கிள்.

நிப்பிள்னு குட்டித் திருகு. கம்பி நுனியை ரிம்மோட முடுக்கறதுக்கு. பித்தளை ஒரு பொட்டலம், அலுமினியம் ஒரு பொட்டலம்.

டிஸ்க் ரெண்டு. பிரேக் கவ்வற தட்டு. அரிவாள்மணை மாதிரி பளபளன்னு, ஓட்டை ஓட்டையா.

ஒரு குட்டித் தராசு வெச்சு ஒண்ணொண்ணா நிறுத்தா. நம்பரை வாயால சொல்லிக்கினே நிறுத்தா, எழுதலை. சாயங்காலம், "அய்யோ ஆயா, ரிம் எது எவ்வளவுன்னு மறந்துட்டேன்"னா. சொன்னேன். ரிம் 362, இன்னொண்ணு 371. மெல்லிசு கம்பி நாலு புள்ளி மூணு. தடி அஞ்சு புள்ளி ஏழு. ஹப் முன்னது 131, பின்னது 236. என்னையே பார்த்துக்கினு இருந்தா.

"எந்த ரிம் பின்னாடி போடறது ஆயா?"

"கனமானதை. உட்கார்றவ பாரம் பின்னாடிதானே."

அதுதான் சரியாம். 

கம்பிக்குத்தான் ரெண்டு மணி நேரம் யோசனை. ஒரு கம்பிக்கு ஒண்ணரை கிராம் கூட வித்தியாசம் இல்லை. இதுக்கு ஏண்டி மூளையக் கசக்கறேன்னு கேட்டேன்.

"பையில கீற எடை சும்மா கூட வரும் ஆயா. சக்கரத்துல கீற எடைய ஒவ்வொரு சுத்துக்கும் நாமதான் தள்ளணும். மேட்டுல அதான் ஆளைக் கொல்லும்."

"அப்போ எல்லாம் மெல்லிசா போடு."

"எறக்கத்துல வளையும். நான் அம்பத்தெட்டு கிலோ கீறேன்."

கடைசியில முடிவு: முன் சக்கரம் முழுக்க மெல்லிசு. பின்னாடி சங்கிலி மாட்டற ரோதைப் பக்கம் தடி, மறுபக்கம் மெல்லிசு. சங்கிலி இழுக்கிற இழுப்பு ரோதைப் பக்கம்தானே.

நிப்பிளுக்கு அலுமினியம்னா. வேணாம்னேன். "புளி பட்ட அலுமினியம் இன்னா ஆவுது? பொத்தல் வியும். உன் சக்கரம் சேத்துல போவுது." போன்ல என்னவோ படிச்சுப் பார்த்தா. "ஆயா, நீ சொன்னது கரெக்ட்டு. கார்பனோட சேந்தா அலுமினியம் அரிக்குமாம்." பின்னாடி முழுக்கப் பித்தளை. முன்னாடி மட்டும் அலுமினியம், எடைக்கு ஆசைப்பட்டு. சரி, பாதி கேட்டாளே.

ஏழுமலை இத்தனை வருஷத்துல என் பேச்சு பாதி கூடக் கேட்டதில்லை.


9, வியாழன்

மூட்டம். மழை இல்லை.

இருந்தவங்க: நான், நித்யா.

கம்பி கோத்தோம். கோத்தா. நான் எடுத்துக் கொடுத்தேன்.

இடப்பக்கக் கம்பிக்கும் வலப்பக்கக் கம்பிக்கும் ரெண்டு மில்லி நீள வித்தியாசம். தனித்தனியா வெச்சிருந்தா, கால் தட்டி எல்லாம் கலந்துபோச்சு. தலையில கை வெச்சுக்கினு உட்கார்ந்துட்டா. பத்து பத்தா எடுத்து அரிசி டம்ளர்ல நிக்க வெச்சேன். நெட்டை தனியா, குட்டை தனியாத் தெரிஞ்சுது. கால் மணி நேரம்.

எண்ணெய் கேட்டா. விளக்கெண்ணெய் கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தேன். ஒவ்வொரு கம்பி மரையையும் எண்ணெயில தொட்டுத் தொட்டுக் கோத்தா. எண்ணெய் இல்லாம முடுக்கினா கம்பி முறுக்கிக்குமாம். ஐம்பத்தாறு கம்பிக்கும் எண்ணெய். நான்தான் தொட்டுத் தொட்டு நீட்டினது.

ஒரு கம்பி ரெண்டு கம்பிக்கு மேல போயி மூணாவது கம்பிக்கு அடியில நுழையணும். முன் சக்கரம் முடிச்சு நிமிர்ந்தப்போ, "அந்த ஒண்ணு மேலயே போவுது பாரு"ன்னேன். பார்த்தா. தெரியலை. விரல் வெச்சுக் காட்டினேன். "உன் கண்ணு ஸ்கேனர் ஆயா." பிரிச்சுத் திரும்பக் கோத்தா.

மோர்க்குழம்பு, வாழைக்காய். ரெண்டு தட்டு கழுவினேன்.

பேச்சுவாக்குல பச்சையம்மா ஏன் உள்ள வர்றதில்லைன்னு கேட்டா. உங்க அத்தை மக காது குத்தலுக்கு வராம, மறுநாள் மீந்த சாம்பாருக்குக் கிண்ணம் தூக்கிக்கினு வந்தான்னு சொன்னேன். "எப்போ ஆயா?" "பத்தொம்பது வருஷம், வைகாசியோட." விழுந்து விழுந்து சிரிக்கறா. சிரிக்க இதுல ஒண்ணும் இல்லை.


10, வெள்ளி

விடியக்காலம் மழை. அப்புறம் தெளிஞ்சுது.

இருந்தவங்க: நான், நித்யா. போன்ல ஏழுமலை (இதைச் சேர்க்கணுமா தெரியலை).

கோட்டம் எடுக்கற நாள். சக்கரத்தை ஒரு கவைத் தாங்கியில மாட்டிச் சுத்த விட்டு, இந்தப் பக்கம் உரசுதா அந்தப் பக்கம் உரசுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்க்கறா. குட்டிச் சாவியால கால் திருகு, அரைத் திருகு. ஒண்ணை முடுக்கினா எதிர்க்கம்பி தளருது. காலையில உட்கார்ந்தவ, மூணு மணிக்குத்தான் எழுந்தா. காபி ஆறிப்போச்சு ரெண்டு தடவை.

கம்பியை விரலால தட்டி சத்தம் கேட்டா. வால்வு ஓட்டையிலேர்ந்து பதினேழாவது கம்பி சத்தம் செத்துக் கிடக்குதுன்னேன். கால் திருகு முடுக்கினா. சரியாச்சு. அப்புறம் ரெண்டு ரெண்டு கம்பியா கையால சேர்த்து நசுக்கினா, படக் படக்னு சத்தம். முறுக்கெல்லாம் இப்பவே விட்டுடணுமாம், மலையில விடக்கூடாதாம்.

முன் சக்கரம் 624. பின் சக்கரம் 766. பழசோட பார்த்தா அரைக் கிலோ கம்மி. அரைக் கிலோன்னா ஏழு தக்காளி. அதுக்கு மூணு நாள். ஆனாலும் சுத்த விட்டா நிக்கவே இல்லை. கண்ணு அதுலயே போவுது.

டிஸ்க்கை மாட்டறப்போ சொன்னா: "ஆயா, இதுல மட்டும் கை படக்கூடாது."

ஏன்னு கேட்டேன். அதுக்குள்ள ஏழுமலை போன். "அங்க இன்னாம்மா பண்றா?" தூங்கறான்னேன். "பகல்ல இன்னா தூக்கம்?" உன்னை மாதிரிதான்னேன். வெச்சுட்டான். அவ வாயைப் பொத்திக்கினு சிரிச்சா. கை ஏன் படக்கூடாதுன்னு அவ சொல்லலை. நானும் திரும்பக் கேக்கலை.

சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டு வந்தா. "பறக்குது ஆயா." தோள்மேல கை போட்டுக்கினா. வேர்வை. யாராவது என் தோள்ல கை போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கணக்குப் போட்டேன். எழுதலை.


11, சனி

ராத்திரி பெஞ்சுது. காலையில ஈரம்.

இருந்தவங்க: நான், நித்யா. ரேகான்னு ஒரு பொண்ணு, இவளோட சைக்கிள் ஓட்டறவ, வேன்ல வந்தா. வேன் டிரைவர்.

புரட்டாசி சனிக்கிழமை. மாவிளக்கு போட்டேன். சைக்கிளுக்குக் கற்பூரம் காட்டினேன், தள்ளி நின்னு.

நித்யா குளிக்கப் போயிருந்தா. டிஸ்க்ல ஒரு ஓரமா செம்பழுப்பா ஒரு பொட்டு. ராத்திரி ஈரம். நம்ம வூட்ல மழை பிடிச்சா அரிவாள்மணை, பூட்டு, பாக்குவெட்டி, எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கறது. இல்லைன்னா ரெண்டே நாள்ல துரு. இத்தனை மெல்லிசான தகடு. துணியில எண்ணெய் தொட்டு ரெண்டு டிஸ்க்குக்கும், ரெண்டு பக்கமும் ஒரே சீரா. கை படலை. துணி மட்டும்தான் பட்டுது.

அவகிட்ட சொல்லலை. செஞ்சதைச் சொல்லிக்காட்டறது என் மச்சினி பழக்கம்.

ஒன்பது மணிக்கு வேன். "டூல்ஸ் எல்லாம் இங்கயே கெடக்கட்டும் ஆயா. திங்கக்கெயமை வந்துடுவேன்." கையில மாவிளக்கு மாவு உருட்டிக் கொடுத்தேன். வேன்ல ஏறிக்கினே தின்னா.


12, ஞாயிறு

வெயில்.

இருந்தவங்க: நான்.

பத்து மணிக்கு ஆரம்பம்னு சொன்னா. பன்னெண்டுக்கு முடிஞ்சிருக்கும். போன் வரலை. ஒரு மணி. ரெண்டு. கொண்டாட்டமா இருப்பாங்க. நாலு மணிக்கு நானே போட்டேன். எடுக்கலை.

தோசைக்கு ஊறப்போட்டேன், நாளைக்கு. ரெண்டு ஆளுக்கு.


13, திங்கள்

இருந்தவங்க: நான். பச்சையம்மா, தெருவுல நின்னு.

அவ வாயாலதான் கேக்கணும்னு எழுதியிருக்கு. "உன் பேத்தி வியுந்துட்டாளாமே? எங்க பையன் போன்ல பாத்தான்." இதையும் வைகாசியோட சேர்த்துக்கறேன்.

ஏழுமலைக்குப் போன். காறை எலும்பு முறிஞ்சிடுச்சு. ரெண்டாவது இறக்கத்துல. ஆபரேஷன் வேணாமாம், கட்டு போட்டிருக்காங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை. இதை எனக்குச் சொல்ல நேத்திலேர்ந்து அவனுக்கு நேரம் கிடைக்கலை.

"அந்த நோஞ்சான் சக்கரத்த உன் வூட்ல உக்காந்துதான் கட்னாளாமே? தூங்கறான்னு பொய் வேற. நீயெல்லாம் பெரிய மனுஷியா?"

"சக்கரம் உடைஞ்சிச்சாடா?"

"அவளே சொல்றா, நான்தான் சரியா கட்டலன்னு. இத்தோட தல முயுகினா. ஒண்ணாந்தேதி வேலைல சேர்றா."

அவ போனை எடுக்கலை. கை கட்டு, எப்படி எடுப்பா.

சக்கரத்துல தப்பில்லை. ஐம்பத்தாறு கம்பியும் என் கையிலேர்ந்து போனது. ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்த்தேன், வால்வு ஓட்டையிலேர்ந்து ஆரம்பிச்சு. ஒண்ணும் தப்பில்லை. அவ ஏன் அப்படிச் சொல்றா.

மாவு புளிச்சுப்போச்சு.


14, 15, 16

நான். நான். நான்.


17, வெள்ளி

தூறல்.

இருந்தவங்க: நான். ரேகா, அரை மணி நேரம்.

டூல்ஸ் எடுத்துக்கினு போக வந்தா. நித்யா அனுப்பினாளாம். அவளே வருவான்னு நினைச்சு அந்தக் கவைத் தாங்கியை அப்படியே வெச்சிருந்தேன். கால் மடக்கி, துணியில சுத்திக் கொடுத்தேன்.

மோர் கொடுத்தேன். சக்கரம் எப்படிக் கீதுன்னு கேட்டேன்.

"சூப்பரா கீது ஆயா. அந்த அடி வியுந்துக்கூட ஒரு மில்லி கோட்டம் இல்ல. எங்க ஆளுங்க எல்லாம் எங்க கட்னான்னு கேக்கறாங்க."

"அப்போ ஏன் வியுந்தா?"

"பிரேக்கு ஆயா. காலைல சும்மா ஓட்டிப் பாக்கறப்பவே புடிக்கல. ஒரே கத்தல். டிஸ்க்ல எண்ணெய் பட்டுக்கீது. ஒரு சொட்டு பட்டாலே போச்சு. பிரேக் கட்டை அத்த குடிச்சிடும், அப்புறம் எவ்ளோ கயுவினாலும் புடிக்காது. மாத்தறதுக்கு வேற கட்டை இல்ல. வேணாம்டின்னேன். கேக்கல."

"எண்ணெய் எப்பிடி பட்டுது?"

"தெர்ல ஆயா. கேட்டா, வேன்ல பட்டிருக்கும்ங்கறா. வேன்ல ஏது எண்ணெய்?"

அவ போனப்புறம் மோர் டம்ளரைக் கழுவலை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கை படக்கூடாதுன்னா. அவ சொன்ன வார்த்தை ஒண்ணு விடாம எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த வார்த்தைப்படிதான் செஞ்சேன்.

கம்பிக்கு எண்ணெய், தட்டுக்கு ஆகாது. ஒரே சக்கரம்தானே. யார் சொன்னா எனக்கு.


18, சனி

மாவிளக்கு போடலை. இருந்தவங்க: நான்.


19, ஞாயிறு

வெயில். காலையில போன் போட்டேன். மூணாவது தடவை எடுத்தா.

எதுவும் சுத்தி வளைக்கலை. "எண்ணெய் வெச்சது நான்தாண்டி. சனிக்கெயமை. நீ குளிக்கப் போனப்போ."

"தெரியும் ஆயா."

"இன்னா தெரியும்?"

"வேன்லயே வாசனை வந்துச்சு. தேங்கா எண்ணெய். உன் தலை வாசனை."

"அப்புறம் ஏண்டி அதுல ஏறின?"

"எறக்கத்துல மெதுவா போனா சமாளிச்சிடலாம்னு பாத்தேன். மேட்டுல சும்மா பறந்துச்சு ஆயா. மொத சுத்து நான்தான் ரெண்டாவது. அப்புறம் சமாளிக்க முடில."

"உங்கப்பன்கிட்ட சக்கரம் சரியா கட்டலன்னு ஏன் சொன்ன? அந்தச் சக்கரத்தப் போயி."

"பின்ன? ஆயா எண்ணெய் தடவிச்சின்னு சொல்லவா? அவரு உன்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு. பாவம் நீ. வயசானவ. உனக்கு இன்னா தெரியும்."

"நல்லா ஏசுடி என்னை."

"எதுக்கு? போ ஆயா. நான் அப்பவே மறந்துட்டேன்."

"எப்போ வர்ற?"

"பாக்கலாம். வேலையில சேந்துட்டு."

வெச்சுட்டா. உடனே ஏழுமலைக்குப் போட்டேன். ஒளிக்காம சொன்னேன், எண்ணெய் வெச்சது நான், சக்கரத்துல குத்தம் இல்லை, அவ வேலைல குத்தம் இல்லை, இன்னொரு வாட்டி அவளை வுடுடான்னு. கத்துவான்னு பார்த்தேன். சிரிக்கறான். "வுடும்மா. உன் எண்ணெய்க்குத்தான் நான் கும்புடு போடணும். பேஜார் வுட்டுது."


22, புதன்

மழை. கொல்லையில மூணு செங்கல்லும் கரைஞ்சு செம்மண்ணா ஓடுது.

இருந்தவங்க: நான். பச்சையம்மா, ஒதுங்கறதுக்கு வந்தா, உள்ள கூப்பிட்டேன். உட்கார்ந்தா. காபி கொடுத்தேன். பேத்திக்கு எலும்பு சேந்துச்சான்னு கேட்டா. சேர்ந்துக்கினு வருதுன்னேன். காது குத்தல் கதை ரெண்டு பேரும் எடுக்கலை.

மூணு நாளா யோசனை இதுதான். பச்சையம்மா சண்டைக்காரி, திருப்பிச் சண்டை போடுவா, அதனால சரியாப்போச்சு. ஏழுமலை நிலத்தை வித்தப்போ நான் மண்ணை வாரி இறைச்சேன், அவன் ஆறு மாசம் வரலை. அதுவும் சரி. எண்ணெய் வெச்சது என் குத்தம்தான். அவ அன்னைக்கு வேன்லேர்ந்து இறங்கி வந்து, கெழவி, என் பொழப்பக் கெடுத்துட்டியேன்னு கத்தியிருந்தா, நானும் கத்தியிருப்பேன், கை மட்டும்தானே படக்கூடாதுன்னு சொன்னன்னு. கத்தி முடிச்சு ரெண்டு பேரும் அந்தத் தட்டைத் தேய்ச்சுக்கினு உட்கார்ந்திருப்போம்.

மறந்துட்டாளாம். யாரைக் கேட்டு மறந்தா. எந்த ரிம் பின்னாடி போடறதுன்னு என்னைக் கேட்டவ, பதினேழாவது கம்பிக்கு என் காதைக் கேட்டவ, உனக்கு இன்னா தெரியும்ங்கறா. கட்டுனது கோணல்னு அப்பன்கிட்ட பொய் சொல்லி, அந்தச் சக்கரத்தையும் கெடுத்து, என்னையும் ஏசக்கூட லாயக்கில்லாத ஆளாக்கி வெச்சுட்டுப் போயிட்டா.

மத்தவங்க எல்லாரையும் விட்டுடலாம். இவளை மன்னிக்க மாட்டேன்.

பேரை முழுசா எழுதி வெச்சுக்கறேன்: ஏ. நித்யா.